கிளோன் செய்ததும் எல்லா கோப்புக்கும் இன்றைய தேதி: கிட், எஸ்விஎன் பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிட், எஸ்விஎன் இரண்டும் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமித்துவைக்கும் மென்பொருள்கள். அந்த வரலாறு இருக்கும் களஞ்சியமான ரெப்போவை முதன்முறையாக கிளோன் செய்து (அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுத்து) ஃபோல்டரைத் திறந்தால், ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கோப்பும் போன வாரம் எழுதிய கோப்பும் ஒரே தேதியில், அதுவும் இன்றைய தேதியில், வரிசையாக நிற்கும். புதிதாக வருகிறவர்களில் பலர் இதைப் பார்த்ததும் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி கிளோன் செய்கிறார்கள். தேதி இன்னும் ஐந்து நிமிடம் புதிதாகும், அவ்வளவுதான். எதுவும் கெடவில்லை, கிட்டும் எஸ்விஎன்னும் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கின்றன. ஏன் செய்கின்றன, பழைய தேதி உங்களுக்கு உண்மையிலேயே தேவையா, தேவையென்றால் எங்கே வைத்து மாற்றலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் மெனு பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

முதலில்: எந்தத் தேதியைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கேதான் பாதிக் குழப்பம். டிஸ்க்கில் இருக்கும் ஒரு கோப்புக்கே ஒன்றுக்கு மேற்பட்ட நேரங்கள் உண்டு. விண்டோஸில் உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம், கடைசியாகத் திறந்த நேரம் என மூன்று. லினக்ஸில் எம்டைம் என்பது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம். சிடைம் என்பது உள்ளடக்கமோ பெயரோ அனுமதியோ எது மாறினாலும் மாறுகிற நேரம், அதை நாம் விரும்பியபடி பின்னுக்குத் தள்ள வழியில்லை. (சிடைமை உருவாக்கிய நேரம் என்று நினைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தப்பு.) விண்டோஸில் ஒரு கோப்பைக் காப்பி செய்தால் மாற்றிய தேதி அப்படியே வரும், உருவாக்கிய தேதி மட்டும் இன்றைக்கு மாறும். அதனால்தான் சில கோப்புகள் உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டதாகக் காட்டும். லினக்ஸில் சாதாரணமாக சிபி போட்டால் எம்டைமும் இன்றைக்கு மாறிவிடும், பழைய நேரம் வேண்டுமென்றால் -பி சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் டிஸ்க்கின் தேதிகள். ரெப்போவின் வரலாற்றில் இருக்கும் தேதி முற்றிலும் வேறு. ஒரு மாற்றத்தை வரலாற்றில் பதிப்பதுதான் கமிட். எஸ்விஎன்னில் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் (ஒரு கமிட்டில் உண்டாகும் பதிப்புக்கும்) ஒரு தேதி, அது கமிட் ஆன நேரம். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு: மாற்றத்தை எழுதியவரின் தேதி ஒன்று, அதைக் கமிட்டாகப் பதித்த தேதி இன்னொன்று. நீங்கள் மார்ச்சில் எழுதிய மாற்றத்தை ஜூனில் ரீபேஸ் செய்தால் (வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கினால்) எழுதிய தேதி மார்ச்சிலேயே இருக்கும், கமிட் தேதி ஜூனுக்கு வந்துவிடும். அமெண்ட் செய்தாலும் (கடைசிக் கமிட்டைத் திருத்தினாலும்) இதே கதை.

ஆனால் கிட்டுக்குள் எங்கேயும் கோப்பின் எம்டைம் சேமிக்கப்படுவதில்லை. ஒரு ஃபோல்டருக்கான பதிவில் கோப்பின் பெயர், அனுமதி வகை, உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்), இவ்வளவுதான் இருக்கும். நீங்கள் ராத்திரி 11 மணிக்கு சேவ் செய்து மறுநாள் காலை கமிட் செய்தால், அந்த 11 மணி யாருக்கும் தெரியாது. எஸ்விஎன்னும் அப்படித்தான், கமிட் நேரம் தெரியும், சேவ் செய்த நேரம் தெரியாது. ஆகவே "பழைய தேதியைத் திரும்பக் கொண்டுவருவது" என்று இணையத்தில் எங்கே படித்தாலும், அது கமிட் தேதியை எடுத்து டிஸ்க்கில் ஒட்டுவதுதான். அசல் தேதி ரெப்போவுக்குள் போகவே இல்லை, திரும்பி வருவதற்கு.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்?

நிரலை பில்ட் செய்யும் (மூலநிரலிலிருந்து ஓடும் நிரலை உண்டாக்கும்) மேக் என்ற கருவிக்காக. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கணக்கு ரொம்ப எளிது: மூலக்கோப்பின் நேரம் அதிலிருந்து உண்டான கோப்பின் நேரத்தைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய், இல்லாவிட்டால் விட்டுவிடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது எட்டிக்கூடப் பார்க்காது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். காலை 10 மணிக்கு மெயின் கிளையில் (கிளை என்பது வரலாற்றின் ஒரு தனிப் பாதை) பில்ட் செய்கிறீர்கள். கணக்கு.சி என்ற மூலக்கோப்பிலிருந்து கணக்கு.ஓ உண்டாகிறது, அதன் நேரம் 10:00. பத்தரைக்கு ஒரு பழைய கிளைக்கு மாறுகிறீர்கள், அதில் கணக்கு.சி போன மாதம் கமிட் ஆனது. கிட் அந்தப் பழைய உள்ளடக்கத்தை டிஸ்க்கில் எழுதும்போது நேரம் 10:30 என்று விழுகிறது. இரண்டு கிளையிலும் ஒரே மாதிரி இருக்கும் கோப்புகளை கிட் தொடவே தொடாது, அவற்றின் நேரம் மாறாது. மேக் பார்க்கிறது: .சி 10:30, .ஓ 10:00. சரி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதுதான் நமக்கும் வேண்டியது.

இப்போது கிட் "உதவி" செய்வதாக நினைத்து கணக்கு.சி-க்குப் போன மாதத் தேதியைப் போட்டால்? மேக் பார்க்கும்: .சி போன மாதம், .ஓ இன்று காலை. வேலை ஒன்றுமில்லை என்று போய்விடும். கையில் பழைய மூலநிரல், ஓடுவது புதிய நிரல். எந்தப் பிழைச்செய்தியும் வராது. இப்படிப்பட்ட பிழையைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஓடிவிடும், ஏனென்றால் யாருக்கும் தேதி மேல் சந்தேகமே வராது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான சிவிஎஸ் இதை நடுவாந்திரமாகக் கையாண்டது: புதிதாக செக்அவுட் செய்தால் (ரெப்போவிலிருந்து கோப்புகளை இறக்கினால்) கமிட் தேதி, ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரை அப்டேட் செய்தால் இன்றைய தேதி. யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு, புது ஃபோல்டரில் பழைய .ஓ எதுவும் இருக்காதே. எஸ்விஎன்னும் கிட்டும் அந்த வேறுபாட்டையே எடுத்துவிட்டு, எப்போதும் இன்றைய நேரம் என்று வைத்துவிட்டன.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது?" என்று தெரிந்தால் போதும் என்பவர்கள்தான் அதிகம். அவர்கள் டிஸ்க்கில் எதையும் மாற்ற வேண்டாம், வரலாற்றைக் கேட்டாலே சொல்லிவிடும்.

கிட்டில் கிட் லாக் -1 என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு இரண்டு கோடு (--), அப்புறம் இன்னொரு இடைவெளி விட்டு கோப்பின் பெயர். கடைசியாக அதைத் தொட்ட கமிட் வரும். சும்மா அடித்தால் எழுதியவரின் தேதியை மட்டும் காட்டும். இரண்டு தேதியும் வேண்டுமென்றால் --ஃபார்மாட்=ஃபுல்லர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம், யாரோ ரீபேஸ் செய்திருப்பார்கள்.

எஸ்விஎன்னில் எஸ்விஎன் இன்ஃபோ என்று அடித்து கோப்பின் பெயரைக் கொடுத்தால் லாஸ்ட் சேஞ்ச்டு டேட் என்ற வரி வரும், பார்க்க வேண்டியது அதைத்தான். டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் (எஸ்விஎன்னை விண்டோஸில் மெனு வழியாக இயக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் கோப்பை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் சப்வெர்ஷன் (எஸ்விஎன்னின் முழுப்பெயர்) என்று தனி டேப் இருக்கும், கடைசிக் கமிட் விவரம் அங்கேயே தெரியும். எல்லா கோப்புக்கும் மொத்தமாகப் பார்க்க ரெப்போ பிரவுசரைத் திறந்தால் தேதிக்கென்று ஒரு தனி நெடுவரிசையே இருக்கிறது.

நேர மண்டலத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எஸ்விஎன் தேதியை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறது. கிட் 1970-லிருந்து கடந்த விநாடிகளையும், கமிட் செய்தவரின் மண்டலத்தையும் (நம் ஊரென்றால் +0530) சேர்த்து வைக்கிறது. இரவு 1 மணிக்கு இங்கே கமிட் செய்தால் யுடிசி-யில் முந்தைய நாள் 19:30. இரண்டு கருவி இரண்டு நாளைக் காட்டினால், யாரையும் குறை சொல்வதற்கு முன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

படி 2: எஸ்விஎன்னில் கமிட் தேதியை வரவைப்பது

எஸ்விஎன்னில் இதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. டார்ட்டாய்ஸில் ஏதாவது ஒரு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, டார்ட்டாய்ஸ்எஸ்விஎன், செட்டிங்ஸ், ஜெனரல் என்று போங்கள். செட் ஃபைல் டேட்ஸ் டு த லாஸ்ட் கமிட் டைம் என்ற பெட்டியில் டிக் போட்டு ஓகே கொடுங்கள்.

கட்டளை வரியில் வேலை செய்கிறவர்களுக்கு: லினக்ஸிலும் மேக்கிண்டாஷிலும் உங்கள் ஹோம் ஃபோல்டரில் .சப்வெர்ஷன் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் கான்ஃபிக் என்ற கோப்பு இருக்கும். விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், அதற்குள் சப்வெர்ஷன். அந்தக் கோப்பில் மிசலனி என்ற பகுதியைத் தேடுங்கள், அதன் கீழே யூஸ்-கமிட்-டைம்ஸ் என்ற வரி இருக்கும். வரி முன்னால் # இருந்தால் எடுத்துவிட்டு மதிப்பு யெஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இங்கே இரண்டு இடத்தில் கால் இடறும். பகுதித் தலைப்புக்கு முன்னாலும் # இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். # இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சக் கூடாது, வரி முதல் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். வெற்றிடத்தோடு தொடங்கும் வரியை முந்தைய வரியின் தொடர்ச்சி என்று எஸ்விஎன் எடுத்துக்கொள்ளும். நீங்கள் செட்டிங் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

டிக் போட்ட உடனே பழைய கோப்புகளின் தேதி மாறாது. இனிமேல் செக்அவுட், அப்டேட், ஸ்விட்ச், ரிவெர்ட் செய்யும்போது எந்தக் கோப்பை எஸ்விஎன் தொடுகிறதோ அதற்கு மட்டும் கமிட் தேதி விழும். எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றால் வேறொரு ஃபோல்டரில் புதிதாக செக்அவுட் செய்துகொள்வதே சுலபம்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்: எஸ்விஎன் எக்ஸ்போர்ட், அதாவது ரெப்போ விவரம் எதுவும் இல்லாமல் கோப்புகளை மட்டும் எடுத்துத் தருவது. இந்த செட்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எக்ஸ்போர்ட் எப்போதும் கடைசிக் கமிட் தேதியைத்தான் போடும். வாடிக்கையாளருக்கு அனுப்பவோ, சர்வரில் போடவோ, ஆவணக் காப்பகமாக வைக்கவோ தேதி சரியாக இருக்க வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள், உங்கள் வேலை ஃபோல்டரின் செட்டிங்கைத் தொடவே வேண்டாம். டார்ட்டாய்ஸின் உதவிப் பக்கமே, மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றைய தேதியிலேயே விட்டுவிடுவது நல்லது, கமிட் தேதியை வைத்துக்கொண்டு பழைய ரிவிஷனுக்குத் திரும்பினால் பில்ட் நீங்கள் நினைத்தபடி வராமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கோப்புக்குள்ளேயே தேதி அச்சாக வேண்டும் என்றால், உதாரணமாக ஒரு ஆவணத்தின் மேலே "கடைசியாக மாற்றியது" என்று, எஸ்விஎன்:கீவேர்ட்ஸ் என்ற ப்ராப்பர்ட்டியில் டேட் என்று போட்டுவிட்டு, கோப்பில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே டேட் என்று எழுதுங்கள். கமிட்டுக்குக் கமிட் அதுவே நிரப்பிக்கொள்ளும். டிஸ்க்கின் தேதியை எவ்வளவு மாற்றினாலும் இது அசையாது, மின்னஞ்சலில் அனுப்பினாலும் கூடவே போகும்.

படி 3: கிட்டில் செய்வது

கிட்டில் இதற்கு செட்டிங் கிடையாது. தேடாதீர்கள், நேரம்தான் வீண். மூன்று வழி உண்டு.

எளிதானது கிட் ஆர்க்கைவ். ஒரு கமிட்டையோ டேக்கையோ (கமிட்டுக்கு வைத்த பெயர்) கொடுத்தால் டார் அல்லது ஜிப் கோப்பு தரும், உள்ளே இருக்கும் எல்லா கோப்புக்கும் அந்தக் கமிட்டின் தேதி இருக்கும். தனித்தனிக் கோப்பு எப்போது மாறியது என்று தெரியாது, ஆனால் ஒரு வெளியீட்டுக்கு இது போதும். பத்து பேர் பத்து கணினியில் எடுத்தாலும் உள்ளே ஒரே தேதிதான் இருக்கும்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் தேதி வேண்டுமென்றால் கிட்-ரீஸ்டோர்-எம்டைம் என்ற கருவி இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் அதே பெயரில் பேக்கேஜ் கிடைக்கும், ஆப்ட் இன்ஸ்டால் போட்டால் வந்துவிடும். ரெப்போவுக்குள் நின்றுகொண்டு கிட் ரீஸ்டோர்-எம்டைம் என்று அடித்தால், வரலாறு முழுவதையும் புதியதிலிருந்து பழையது நோக்கி ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டே போய், ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய இடத்தைப் பார்த்ததும் அந்தத் தேதியை டிஸ்க்கில் போடும். நீங்கள் திருத்திவிட்டு இன்னும் கமிட் செய்யாத கோப்புகளை அது தொடாது, நல்ல பழக்கம். இயல்பாக எழுதியவரின் தேதியை எடுத்துக்கொள்ளும், கமிட் தேதி வேண்டுமென்றால் --கமிட்-டைம் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, நாமே சின்னதாக ஒரு லூப் எழுதுவது: கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கோப்புப் பட்டியலைத் தரும், ஒவ்வொன்றுக்கும் கிட் லாக் -1 போட்டுத் தேதியை எடுத்து, கோப்பின் நேரத்தை மாற்றும் டச் -டி கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். சின்ன ரெப்போவுக்குச் சரி. ஆயிரக்கணக்கில் கோப்பு இருந்தால் கோப்புக்கு ஒரு தடவை வரலாற்றைத் தோண்டுவதால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. அதைவிட முக்கியமான சிக்கல் கோப்பின் பெயரில் இருக்கிறது. பெயரில் இடைவெளி இருந்தால் எளிய லூப் உடைந்துபோகும். தமிழில் பெயர் வைத்திருந்தால் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் அதை \340\256 என்று தொடங்கும் எண் சரமாக மேற்கோள் குறிக்குள் காட்டும், டச் அதை வாங்கிக்கொண்டு அந்த எண்களையே பெயராகக் கொண்ட கோப்பைத் தேடும், கிடைக்காது, அந்தப் பெயரில் ஒரு காலிக் கோப்பை உண்டாக்கியும் வைக்கும். -இசட் என்ற சின்ன எழுத்துத் தெரிவைச் சேர்த்தால் இரண்டு சிக்கலும் போய்விடும்: பெயர்கள் அப்படியே வரும், இடையில் பூஜ்ய பைட் பிரிப்பானாக இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளுக்கு ஒரு நிபந்தனை: வரலாறு முழுதாக இருக்க வேண்டும். --டெப்த் 1 போட்டு கிளோன் செய்தால் ஒரே ஒரு கமிட்தான் கையில் இருக்கும், கிட்டைப் பொறுத்தவரை எல்லா கோப்பும் அந்தக் கமிட்டில் பிறந்தவை, ஆகவே எல்லாவற்றுக்கும் அதே தேதிதான் வரும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப் தளத்தில் பில்ட் போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) செக்அவுட் இயல்பாகவே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். ஃபெட்ச்-டெப்த் என்பதை 0 என்று மாற்றினால் முழு வரலாறும் வரும். கருவி வேலை செய்யவில்லை என்று வருகிற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஏற்கெனவே அப்படி கிளோன் செய்துவிட்டீர்களா, கிட் ஃபெட்ச் --அன்ஷேலோ போடுங்கள், மீதி வரலாறு வந்து சேரும்.

படி 4: பில்ட் செய்யும் ஃபோல்டரில் இதைச் செய்யாதீர்கள்

மேலே மேக் பற்றிச் சொன்னது இங்கேதான் கடிக்கும். கிட்டில் போஸ்ட்-செக்அவுட் என்று ஒரு ஹூக் உண்டு, கிளை மாறும்போதெல்லாம் தானாக ஓடும். அதில் கிட்-ரீஸ்டோர்-எம்டைமை மாட்டிவிட்டால் எப்போதும் அழகான தேதி இருக்குமே என்று தோன்றும். வேண்டாம்.

இதன் மிக மோசமான விளைவு கிட் பைசெக்ட் செய்யும்போது வரும். பைசெக்ட் என்பது பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது. முன்னும் பின்னும் தாவித் தாவி ஒவ்வொரு இடத்திலும் பில்ட் செய்து சோதிக்க வேண்டும். ஹூக் இருந்தால் பழைய கமிட்டுக்குத் தாவியதும் மூலக்கோப்புக்குப் பழைய தேதி விழும், மேக் சும்மா இருக்கும், முந்தைய தாவலில் உண்டான நிரலே மறுபடி ஓடும், சோதனை முடிவு தவறாக வரும். கடைசியில் பைசெக்ட் சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டைக் கைகாட்டும், அதை எழுதியவர் நாள் முழுக்கத் தன் நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பார். நிஞ்சா என்ற பில்ட் கருவியும் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும், அதனால் அதிலும் இந்த ஆபத்து உண்டு. எஸ்கான்ஸ் மாதிரி உள்ளடக்கத்தின் ஹாஷைப் பார்க்கிற கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே இரண்டு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வேலை, பில்ட், கிளை மாற்றம் எல்லாம், தேதியைத் தொடவே மாட்டீர்கள். இன்னொன்று தேதி சரியாக இருக்க வேண்டிய இடம், அங்கே கம்பைல் செய்ய மாட்டீர்கள். யாரோ ஏற்கெனவே ஹூக் போட்டு வைத்திருக்கிற ரெப்போவில் மாட்டிக்கொண்டால், ஹூக்கை எடுத்துவிட்டு, மேக் கிளீன் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து பில்ட் செய்யுங்கள். ஹூக் கிளோனோடு வராது, ஆகவே எடுத்தால் உங்கள் கணினியில் மட்டும்தான் போகும். குழுவில் மற்றவர்களிடமும் சொல்ல வேண்டும்.

படி 5: சர்வருக்கு அனுப்பும்போது

தேதி உண்மையாகவே முக்கியமாகும் இடம் இது. இணையதளக் கோப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாக கிளோன் செய்து சர்வரில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெப் சர்வர் ஒவ்வொரு கோப்போடும் லாஸ்ட்-மாடிஃபைட் என்று தேதியை அனுப்புகிறது, அது டிஸ்க்கின் எம்டைம்தான். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், கோப்பின் பதிப்பைக் குறிக்கும் ஈடேக் என்ற அடையாளத்தைக்கூட எம்டைமையும் கோப்பின் அளவையும் வைத்தே உண்டாக்குகிறது, இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சி 2.4-லும் இயல்பு அதுதான். அதாவது ஒரு எழுத்துகூட மாறாத படத்துக்கும் புது தேதி, புது ஈடேக். பார்வையாளரின் பிரவுசர் "என்னிடம் இருப்பது இன்னும் செல்லுமா?" என்று கேட்டால் சர்வர் செல்லாது என்று சொல்லி முழுப் படத்தையும் மறுபடி அனுப்பும்.

இரண்டு சர்வர்கள், கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இருந்தால் இன்னும் வேடிக்கை. ஒன்று 10:00:05-க்கு கிளோன் ஆகியிருக்கும், மற்றது 10:00:09-க்கு. ஒரே கோப்புக்கு இரண்டு ஈடேக். ஒரு கோரிக்கை ஒரு சர்வருக்கும் அடுத்தது மற்றதற்கும் போனால் கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்த நகல்) இருந்தும் இல்லாத மாதிரிதான். இங்கே கிட்-ரீஸ்டோர்-எம்டைம் போட்டால் இரண்டு சர்வரிலும் ஒரே தேதி வரும், பிரச்சினை தீரும். இந்த ஃபோல்டரில் யாரும் கம்பைல் செய்யப்போவதில்லை, ஆகவே தயங்க வேண்டாம்.

ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியை வைத்து அனுப்புகிறவர்களுக்கும் இதே பலன். ஆர்சிங்க் இயல்பாக அளவையும் எம்டைமையும் பார்த்துத்தான் ஒரு கோப்பைத் தாண்டிப் போகலாமா என்று முடிவு செய்யும். புது கிளோன் என்றால் எல்லாமே மாறியதாகத் தெரியும், எல்லாவற்றையும் திறந்து ஒப்பிட ஆரம்பிக்கும். தேதியைச் சரிசெய்துவிட்டு அனுப்பினால் மாறியது மட்டும் போகும். தேதியைத் தொட வேண்டாம் என்றால் --செக்சம் போடலாம், மெதுவாக இருக்கும் ஆனால் தப்பாது. மென்பொருளைக் கன்டெய்னராகக் கட்டும் டாக்கரில் கவலையே இல்லை, காப்பி கட்டளையின் கேஷ் எம்டைமைக் கணக்கில் எடுப்பதில்லை. ஹியூகோ வைத்துத் தளம் நடத்துகிறவர்கள் எனேபிள்கிட்இன்ஃபோ என்ற செட்டிங்கை ட்ரூ ஆக்கினால், பக்கங்களின் கடைசித் திருத்தத் தேதியை அது கிட் வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், டிஸ்க்கில் என்ன இருந்தால் என்ன.

படி 6: அசல் தேதியே வேண்டுமென்றால்

ஸ்கேன் செய்த பத்திரங்கள், களப்பணித் தரவுகள், பழைய புகைப்படங்கள் என்று கமிட் தேதி எந்த வகையிலும் உதவாத கோப்புகள் உண்டு. எடுத்தது 2009, ரெப்போவில் போட்டது இன்று. கேமரா படமென்றால் பெரும்பாலும் பிழைத்தீர்கள், எடுத்த நேரம் எக்ஸிஃப் விவரமாகக் கோப்புக்குள்ளேயே இருக்கும். மற்றவற்றுக்கு, சேர்ப்பதற்கு முன்பே கோப்பின் பெயரில் 2009-08-14 என்று தேதியை எழுதிவிடுங்கள். மந்தமான யோசனைதான், ஆனால் எந்த மென்பொருள் மாறினாலும் நிற்கும். அதற்கு மனமில்லை என்றால் டார் கட்டாகக் கட்டிச் சேர்க்கலாம், டார் எம்டைமைக் காப்பாற்றும். லினக்ஸில் மெட்டாஸ்டோர் என்ற கருவி கோப்புகளின் விவரத்தைத் தனிக் கோப்பாக எழுதி வைத்துக்கொண்டு பிறகு திருப்பிப் போடும், எம்டைமையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கிட், எஸ்விஎன் மாதிரியே இன்னொரு மென்பொருளான பெர்ஃபோர்ஸ் பயன்படுத்துகிற அலுவலகங்களில் (கேம் ஸ்டுடியோக்களில் அதிகம்) நிலைமை கொஞ்சம் சௌகரியம். ஒர்க்ஸ்பேஸ் அமைப்பில் மாட்டைம், நோமாட்டைம் என்று ஒரு தெரிவு உண்டு. மாட்டைம் வைத்தால் சப்மிட் செய்தபோது (கமிட்டுக்கு அங்கே அந்தப் பெயர்) கோப்புக்கு இருந்த நேரமே சிங்க் செய்யும்போதும் வரும். ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு மட்டும் வேண்டுமென்றால் கோப்பு வகையில் +எம் சேர்க்கலாம். அதே வகையைச் சேர்ந்த ஃபாஸிலில் ஃபாஸில் டச் என்று தனிக் கட்டளையே இருக்கிறது, --செக்இன் என்று சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் அது கடைசியாக மாறிய தேதியைப் போடும்.

தேதியை மாற்றினால் "மாடிஃபைட்" என்று காட்டுமா?

காட்டாது. தேதி பொருந்தவில்லை என்றால் கிட்டும் எஸ்விஎன்னும் உள்ளடக்கத்தைத் திறந்து ஒப்பிடும், ஒன்றாக இருந்தால் விட்டுவிடும். அதனால் மொத்தமாகத் தேதி மாற்றிய பிறகு முதல் ஸ்டேட்டஸ் (என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கட்டளை) மட்டும் மெதுவாக வரும். கிட்டில் அந்த ஒரு ஸ்டேட்டஸிலேயே இன்டெக்ஸ் (கோப்புகளின் நேரத்தையும் அளவையும் கிட் குறித்து வைக்கும் பட்டியல்) புதுப்பிக்கப்பட்டுவிடும். டார்ட்டாய்ஸில் கிளீன் அப் பெட்டியில் ஃபிக்ஸ் டைம் ஸ்டாம்ப்ஸ் என்று இருப்பதற்கு டிக் போட்டு ஒருமுறை ஓட்டினால் அடுத்தடுத்த சோதனைகள் வேகமாகும்.

ஆனால் இதற்கு நேர்எதிரான ஒரு சிக்கல் உண்டு. ஒரு ஸ்கிரிப்ட் கோப்பைத் திருத்திவிட்டு, "மரியாதையாக" பழைய எம்டைமையே திருப்பி வைத்துவிடுகிறது, அளவும் மாறவில்லை (பதிப்பு எண்ணில் 3-ஐ 4 ஆக்கினால் அளவு எப்படி மாறும்?). எஸ்விஎன் அளவையும் நேரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, இரண்டும் அப்படியே இருக்கின்றன, கோப்பு மாறவில்லை என்று முடிவு கட்டிவிடும். ஸ்டேட்டஸில் வராது, கமிட்டிலும் போகாது. லினக்ஸில் கிட் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் அது சிடைமையும் பார்க்கிறது, சிடைமை ஸ்கிரிப்டால் பின்னுக்குத் தள்ள முடியாது. எஸ்விஎன்னில் இப்படி ஒரு திருத்தம் காணாமல் போனால், அந்தக் கோப்பின் மேல் ஒரு டச் போட்டுவிட்டு எஸ்விஎன் ஸ்டேட்டஸ் மறுபடி கேளுங்கள், எம் என்ற எழுத்தோடு வந்து நிற்கும்.